கேபட் டிரெயில்: முதல்முறை செல்வோருக்கான இலையுதிர்காலப் பயணத் திட்டம்

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், கேப் பிரெட்டன் தீவின் வடபகுதியை வளையமாகச் சுற்றிவரும் கேபட் டிரெயில் சாலையின் நீளம் 298 கிலோமீட்டர். ஒரே நாளில் சுற்றிவிடலாம் என்று வரைபடம் ஆசை காட்டும், நம்ப வேண்டாம். ஏற்ற இறக்கங்களும், வண்டியை நிறுத்தத் தூண்டும் காட்சிமுனைகளும் நேரத்தை விழுங்கிவிடும் என்பதால், இரண்டு இரவுகளையாவது ஒதுக்குங்கள்.

முதலில் தேதியைத் தீர்மானியுங்கள். அங்குள்ள மரங்கள் பெரும்பாலும் அக்டோபர் முதல் இரண்டு வாரங்களில் உச்ச நிறத்தை எட்டுகின்றன. பொழுது சுருங்கி இரவு குளிரத் தொடங்கியதும் இலையின் பச்சையம் சிதைந்து, அதுவரை அதில் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. மேப்பிளின் சிவப்போ, இலையில் தேங்கும் சர்க்கரையைக் கொண்டு அப்போதுதான் புதிதாக உருவாகிறது. ஆகவே வெயிலடிக்கும் பகலும், உறைபனி இறங்காத குளிர்ந்த இரவும் தொடர்ந்து அமைந்தால் சிவப்பு தூக்கலாக இருக்கும். மேற்குக் கரையில் மலையிலிருந்து இறங்கும் ‘சுவெட்’ என்னும் தென்கிழக்குக் காற்று பலமாக அடித்தால் ஓரிரவில் கிளைகள் மொட்டையாகிவிடும். எனவே ஒரு நாளையேனும் உபரியாக வைத்துக்கொள்வது நல்லது.

தேதி முடிவானதும் அறைகளை முன்பதிவு செய்துவிடுங்கள். அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் நன்றி நவிலல் விடுமுறையும், அதையொட்டிய கெல்டிக் கலர்ஸ் இசைவிழாவும் கூட்டத்தைச் சேர்க்கின்றன. அம்மாதம் முடிவதற்குள் பல விடுதிகள் பருவத்தை முடித்துக் கதவடைக்கின்றன. முதல் இரவுக்கு மேற்குக் கரையிலுள்ள ஷெட்டிகாம்ப், இரண்டாவதற்குக் கிழக்குக் கரையிலுள்ள இங்கனிஷ் என்பது என் தேர்வு.

அடுத்து, திசை. கனடாவில் சாலையின் வலப்புறம் ஓட்ட வேண்டும். வளையத்தின் தெற்கே உள்ள பேடெக் என்னும் ஊரில் தொடங்கி வலஞ்சுழியாகச் சென்றால் வண்டி மலைப்பக்கத்தை ஒட்டியே போகும். இடஞ்சுழியாகச் சென்றால் கடல்பக்கம், பள்ளத்தின் விளிம்பருகே போகும். காட்சிக்காகப் பலர் இரண்டாவதைப் பரிந்துரைப்பார்கள். மலைச்சாலைக்குப் புதியவர் வலஞ்சுழியாகச் செல்வதே உசிதம் என்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எப்படியும் கடலைப் பார்த்துக்கொள்வார்.

ஷெட்டிகாம்பிலேயே எரிபொருளை முழுவதும் நிரப்பிக்கொள்ளுங்கள். வடக்கே நிலையங்கள் அரிது. கைபேசிச் சமிக்ஞை அடிக்கடி அறுந்துபோவதால் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்திருங்கள். நெடும் இறக்கங்களில் பிரேக்கை அழுத்தியபடியே வராமல் கீழ் கியருக்கு மாற்றுங்கள். 1936-இல் அமைக்கப்பட்ட கேப் பிரெட்டன் ஹைலேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் வழியாகவே சாலையின் ஒரு பகுதி செல்வதால், அதற்கான நுழைவுச் சீட்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஷெட்டிகாம்பைத் தாண்டி மலையேறியதும் வரும் ஸ்கைலைன் நடைபாதைக்கு அந்திப்பொழுதை ஒதுக்குங்கள். மேட்டின் விளிம்பில் மரப்படிகள் இறங்கும் இடத்தில் நின்றால், நீங்கள் சற்றுமுன் ஓட்டிவந்த சாலை கடலோரமாக வளைந்து கிடப்பதைக் காணலாம். அக்டோபர் நடுவில் ஆறரை மணியளவில் சூரியன் மறைந்துவிடும் என்பதால், திரும்பி நடக்க டார்ச் விளக்கு தேவைப்படும். மூஸ் மான்கள் சாலைக்கு வரும் நேரமும் அதுவே. அங்கிருந்து விடுதிக்குத் திரும்பும்போது வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள்.