அடையாறு வெள்ளமும் நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளும்

"செம்பரம்பாக்கத்தைத் திறந்துட்டாங்க, அதான் வீட்டுக்குள்ள தண்ணி." சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். வரைபடத்தை விரித்து வைத்து ஒரு முறை பாருங்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் வந்து கலக்கும் இடம் திருநீர்மலைக்குப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் ஆறு வரும் திசையில் அதற்கும் மேலே இருக்கின்றன. கீழே ஆறு நிரம்பி நின்றால் மேலே வடிய நேரமாகும், அது உண்மை. ஆனால் அங்கே வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்தது. போதாததற்கு தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை.

ஏரியைத் திறந்தவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அன்று இரவு திறப்பு 29,000 கன அடி வரை போனது. அதாவது நொடிக்கு 8 லட்சம் லிட்டருக்கு மேல். சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரத்தில் அதன் அடி நேரடியாக விழுந்தது. 2018-இல் வந்த மத்திய தணிக்கை அறிக்கையும் இதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னது. ஆனால் பழியை முழுக்க ஒரே மதகின் மேல் போட்டுவிட்டால், மேலே இருக்கும் மற்ற ஏரிகளை யாருமே கேள்வி கேட்காமல் போய்விடுகிறார்கள். அதுதான் முதல் தவறு.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல், அதாவது உபரிநீர் வழியும் இடம், வழியாகத் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்தது, கடைசியில் ஆறு. நடுவில் ஒரு ஏரியைத் தூர்த்து மனை போட்டால் அந்த ஏரி மட்டும் போவதில்லை. அது இரண்டு நாள் தேக்கி வைத்திருக்க வேண்டிய தண்ணீர் இரண்டு மணி நேரத்தில் கீழே வந்து நிற்கும். கலங்கலும் ஏரியும் ஒழுங்காக இருந்து, இடையில் ஓடிய கால்வாய் 3 அடி சிமென்ட் வடிகாலாகச் சுருங்கிப் போயிருந்தாலும் கதை அதேதான்.

இதனால்தான் மொட்டை மாடியில் நின்று வானத்தைப் பார்த்து முடிவெடுப்பதும் தவறாகிறது. மழை விட்டுவிட்டது என்று மாடியிலிருந்து சாமான்களைக் கீழே இறக்கி, விடியற்காலையில் மறுபடி தூக்கியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆற்றங்கரையில் இருப்பவர் பார்க்க வேண்டிய மழை படப்பையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பெய்வது. அந்தத் தண்ணீர் நம்மிடம் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். கடல் கொந்தளிப்பாக இருந்தாலோ முகத்துவாரம் மணல்மேடிட்டுக் கிடந்தாலோ, வந்த தண்ணீர் வடியவும் நேரமாகும்.

அடுத்தது, "நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம்" என்ற ஆறுதல். ஒரு தடவை வந்துவிட்டது, இனி நம் காலத்தில் வராது என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஒவ்வொரு ஆண்டும் 100-இல் 1 வாய்ப்பு. 30 ஆண்டு வீட்டுக் கடன் எடுத்தவருக்கு, கடன் முடிவதற்குள் அப்படியொரு வெள்ளத்தைப் பார்க்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. அதுவும் பழைய மழைக் கணக்கு அப்படியே நீடித்தால்தான். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அதற்கு எந்த வடிகாலை எந்த அளவில் கட்டுவது?

ஆக்கிரமிப்பு என்றதும் நம் கண் போவது கரையோரக் குடிசைகள் மேல்தான். 2015-க்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய, மழை வந்தால் தானே வெள்ளத்தில் தவிக்கிற பகுதி அது. வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பல கிலோமீட்டர் தள்ளிப் போனதுதான் மிச்சம். ஆனால் சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை இதே ஆற்றைப் பாலம் போட்டுத் தாண்டுகிறது. 2015-இல் அந்த ஓடுபாதையே மூழ்கி விமான நிலையத்தை நாள்கணக்கில் மூடினார்கள். அதை ஆக்கிரமிப்பு என்று யாரும் சொல்வதில்லை. 'வளர்ச்சி' என்று வேறு பெயர் இருக்கிறது.

தரையை உயர்த்துவது இன்னொன்று. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே ரோடு போட, வீடு தெருவை விடத் தாழ்ந்து போகிறது. ஒருவர் 4 அடி உயர்த்திக் கட்டுவார், அடுத்த வீட்டுக்காரர் 5 அடி. தண்ணீர் உயர்த்த வசதியில்லாதவர் வீட்டுக்குள் போய் நிற்கும். உயர்த்திக் கட்டியவர்களிலும் பலர் மின் மீட்டரைக் கீழ்த்தளச் சுவரிலேயே விட்டுவிடுகிறார்கள்.

மனை வாங்குபவர்களுக்கு ஒன்று. பட்டா, வில்லங்கச் சான்று, அப்ரூவல் மூன்றும் சரியாக இருக்கிறது என்பதால் தண்ணீர் ஒதுங்கிப் போகாது. கிராம வரைபடத்தில் பக்கத்து சர்வே எண் ஓடையா, வாய்க்காலா என்று பாருங்கள். ஊர்ப் பெயரில் தாங்கல் என்று இருந்தால் நின்று யோசியுங்கள், தாங்கல் என்றாலே சிறிய ஏரி. புரோக்கர் எப்போதும் மே மாதம்தான் கூட்டிப்போய்க் காட்டுவார். நவம்பரில் இரண்டு நாள் விடாமல் பெய்த மறுநாள், சொல்லாமல் கொள்ளாமல் தனியாக ஒரு தடவை போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் எந்த உயரம் வரை பழுப்புக் கோடு இருக்கிறது என்பதையும் சேர்த்து.