முதியவரின் மனச்சோர்வை வீட்டில் அடையாளம் காண்பது எப்படி?

கோலாலம்பூர், செந்தூல் இரயில்வே பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா, மின்னல் பண்பலையைக் கேட்காமல் காலையில் பசியாறியதே இல்லை. ஒரு மாதமாக அந்த வானொலிப் பெட்டியின் மேல் தூசி படிந்து கிடந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், ஒருவரும் பொருட்படுத்தவில்லை. கேட்டால், வயிறு சரியில்லை என்பார்.

முதியவர்களின் மனச்சோர்வு பெரும்பாலும் இப்படி உடல் உபாதையாகவே வெளிப்படுகிறது. ஆகவே "மனம் சரியில்லையா?" என்று கேட்பதோடு நில்லாமல், அவருடைய வழக்கங்களில் எது நின்றுபோயிற்று என்று கவனியுங்கள். வெள்ளிக்கிழமைக் கோயிலோ, கீழே ஒட்டுக்கடையில் நண்பர்களோடு குடிக்கும் தேநீரோ நின்றிருக்கலாம். விடியுமுன்பே விழிப்பு வந்து மீண்டும் உறங்க முடியாமை, சட்டை தொளதொளக்கும் அளவுக்கு எடை குறைதல், "நான் உங்களுக்குப் பாரம்" என்ற பேச்சு ஆகியவற்றைத் தேதியிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வருத்தமோ எதிலும் நாட்டமின்மையோ நாளின் பெரும்பகுதி 2 வாரங்களுக்கு நீடித்தால், வயதின் கோளாறு என்று தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனச்சோர்வால் மறதியும் வரும் என்பதால், அதை முதுமை மறதி நோய் என்று நீங்களாகவே முடிவு செய்துவிடாதீர்கள்.

அரசாங்க சுகாதார கிளினிக்குக்குச் செல்லும்போது அந்தக் குறிப்பையும், நாட்டு மருந்து உட்பட அவர் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள். தைராய்டு குறைபாடும் வைட்டமின் பி12 பற்றாக்குறையும் இதே சோர்வைத் தரக்கூடும் என்பதால், இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். மனச்சோர்வைக் கண்டறிய முதியவர்களுக்கென்றே 15 கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்று உண்டு. பதிலை அவரே சொல்லட்டும். வாழ்க்கை வெறுமையாகத் தோன்றுகிறதா என்று பெரியப்பாவிடம் டாக்டர் கேட்டபோது, "அதெல்லாம் இல்லை" என்று அண்ணன் முந்திக்கொண்டார். அண்ணனை வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான் பெரியப்பா மெல்லத் தலையசைத்தார்.

மனச்சோர்வுக்கு மருத்துவர் தரும் மாத்திரையின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதியவர்களுக்கு 6 முதல் 8 வாரங்கள்கூடப் பிடிக்கலாம். தேறிவிட்டார் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். சில மாத்திரைகள் இரத்தத்தில் சோடியத்தைக் குறைப்பதால், புதிதாகக் குழப்பமோ தள்ளாட்டமோ தென்பட்டால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். கோயிலுக்குப் போனால் சரியாகிவிடும் என்னும் உறவினரோடு வாதிட வேண்டாம். கோயிலுக்கும் போகட்டும், மாத்திரையும் சாப்பிடட்டும்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்கத் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டிவைத்துவிட்டு, மலேசியச் சுகாதார அமைச்சின் 15555 எண்ணையோ கோலாலம்பூர் பெஃப்ரெண்டர்ஸ் என்ற தொண்டு அமைப்பின் 03-7627 2929 எண்ணையோ அழையுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999.