ஈர விரலும் பொம்மை கீபோர்டும்: சர்க்யூட் பெண்டிங் முதல் பாடம்

குற்றால சீசனுக்கு வருகிற சொந்தக்காரர்கள் அருவிக்கரைக் கடையில் பிள்ளைகளுக்கு வாங்கித் தருவார்களே, அந்த பேட்டரி கீபோர்டு செங்கோட்டையில் எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பரணில் கிடக்கிறது. உங்கள் வீட்டிலும் இருந்தால் இறக்குங்கள். அமெரிக்காவில் ரீட் கசாலா என்பவர் 1960களில், மேஜை டிராயருக்குள் கிடந்த ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் ஷார்ட் ஆகி விநோதமாகக் கத்தியதைக் கேட்டுத்தான், பொம்மையின் சர்க்யூட்டை மாற்றிப் புதுச் சத்தம் வரவைக்கும் இந்த சர்க்யூட் பெண்டிங் கலையைத் தொடங்கினார். நாம் அதையே வேண்டுமென்றே செய்யப் போகிறோம்.

பேட்டரியில் ஓடும் பொம்மை மட்டும்தான். கரண்டில் செருகும் எதையும் திறக்காதீர்கள்.

ஸ்க்ரூக்களைக் கழற்றி போர்டை வெளியே எடுங்கள். கறுப்புத் தார்த் துளி மாதிரி இருப்பதுதான் சிப். டெமோ பாட்டை ஓடவிட்டு, விரலை லேசாக நனைத்து, சிப்பைச் சுற்றியுள்ள ரெசிஸ்டர்களை (மின்சாரத்துக்குத் தடை தரும் சின்னப் பாகங்கள்) ஒவ்வொன்றாகத் தொடுங்கள், இரண்டு முனையிலும் விரல் படும்படி. ஏதோ ஒன்றைத் தொட்டதும் பாட்டு வேகமெடுத்து சுருதி ஏறும். சிப் ஓடும் வேகத்தைத் தீர்மானிப்பது அந்த ரெசிஸ்டர்தான். எதைத் தொட்டும் அசையாமல், பளபளவென்று ஒரு கிரிஸ்டலும் (வேகத்தை மாறாமல் பிடித்து வைக்கும் பாகம்) போர்டில் இருந்தால் வேறு பொம்மையைப் பாருங்கள்.

நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டது அடுத்த இடத்தில்தான். ரெசிஸ்டரை எடுத்துவிட்டு அங்கே 500 கே (கிலோ ஓம், தடையின் அளவு) வால்யூம் கன்ட்ரோலை, அதாவது திருப்பினால் தடை மாறும் குமிழை, நேராக வைத்தேன். ஒரு பக்கம் முழுக்கத் திருப்பியதும் கீறலாக ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. சிப் போய்விட்டது என்றே நினைத்தேன். போகவில்லை. தடை பூஜ்யத்துக்கு வந்ததால் தாங்க முடியாத வேகத்தில் ஓடி உறைந்து போயிருக்கிறது. பேட்டரியைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்துப் போட்டதும் பழையபடி பாடியது. அதனால் கன்ட்ரோலோடு தொடராக ஒரு ரெசிஸ்டர் கட்டாயம் வேண்டும். என் போர்டில் இருந்தது 100 கே (மேலே 104 என்று அச்சடித்திருக்கும்), 33 கே சேர்த்தேன். தடை பாதியானால் சுருதி ஏறக்குறைய ஒரு ஸ்தாயி ஏறும், இரட்டித்தால் ஒரு ஸ்தாயி இறங்கும். இந்தக் கணக்கை வைத்து உங்கள் போர்டுக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள். கன்ட்ரோலில் நடுக்காலும் ஓரக்கால் ஒன்றும் போதும்.

சால்டரிங் அயர்ன் 25 வாட் தாண்ட வேண்டாம். சூடு அதிகமானால் செம்புத் தடம் தோலாக உரிந்து வந்துவிடும், அதை மறுபடி ஒட்டுவது கஷ்டம். மல்டிமீட்டருக்குச் செலவழிப்பதை விட நல்ல அயர்ன் வாங்குங்கள் என்பேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு வேலை. வேகத்தைத் தீர்மானிக்கும் அந்த ரெசிஸ்டர் இருந்த இடத்தின் இரு முனையிலிருந்தும் ஒயர் இழுத்து, மூடியில் இரண்டு பித்தளை ஸ்க்ரூக்களில் முடித்துவிடுங்கள். இரண்டிலும் விரல் வைத்தால் உங்கள் உடம்பே ஒரு ரெசிஸ்டர். சாரல் நாளில் விரல் ஈரத்துக்கு சுருதி சர்ரென்று மேலே போகும், சித்திரை வெயிலில் அவ்வளவு ஏறாது. அழுத்தினால் ஏறும், தளர்த்தினால் இறங்கும், கமகம் போல வளைக்கலாம்.

பிற்சேர்க்கை: படித்துவிட்டு இருவர் அடாப்டரில் ஓட்டலாமா என்று கேட்டார்கள். விரல் சர்க்யூட்டைத் தொடுகிற வேலை இது, வேண்டவே வேண்டாம். இன்னொருவருக்கு மூடியை மூடியதும் சத்தம் நின்றுவிட்டது: ஒற்றைக் கம்பி ஒயர் மடிந்து முறிந்திருந்தது. பல இழை ஒயரைப் போட்டு, ஈயம் வைத்த இடத்தில் பசைத்துப்பாக்கியால் ஒரு சொட்டு விட்டதும் சரியாகிவிட்டது.