புகைத்தடையால் மதுக்கூட வியாபாரம் கெட்டதா என்று கணக்குப் பார்ப்பது எப்படி

பணியிடங்களில் புகைபிடிக்கக் கூடாது என்ற சட்டம் எங்கே வந்தாலும், கல்லா காலியாகிவிடும் என்று முதலில் அஞ்சுபவர்கள் மதுக்கூட உரிமையாளர்கள்தான். கலிபோர்னியாவின் மதுக்கூடங்களில் 1998 ஜனவரி 1 அன்றும், நியூயார்க் நகரில் 2003 மார்ச் 30 அன்றும், அயர்லாந்து முழுவதிலும் 2004 மார்ச் 29 அன்றும் தடை நடைமுறைக்கு வந்தபோது இதே அச்சம் எழுந்தது. சட்டத்தை ஆதரித்தவர்களோ வியாபாரம் குறையவே இல்லை, சில இடங்களில் கூடியிருக்கிறது என்றார்கள். இரு தரப்பும் கையில் எண்களோடுதான் பேசுகின்றன என்பதால், அந்த எண்களைச் சரிபார்க்கும் முறையை நாம் தெரிந்துகொண்டாக வேண்டும்.

முதலில், அந்த எண் யாருடைய ஏட்டிலிருந்து வந்தது என்று பாருங்கள். "உங்கள் வியாபாரம் குறைந்ததா?" என்று உரிமையாளர்களிடம் தொலைபேசியில் கேட்டுத் திரட்டிய பதிலுக்கும், அரசுக் கருவூலத்தில் வந்து சேர்ந்த வரித்தொகைக்கும் நிறைய வேறுபாடு உண்டு. டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரில் 2002 ஜனவரி 2 அன்று தடை வந்தபோது, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வெளியீட்டில் வந்த ஆய்வு விற்பனை வரியோடு, கலவை மதுபானங்களுக்கென்றே தனியாக வசூலிக்கப்படும் வரியையும் எடுத்துக்கொண்டது. தடைக்கு முந்தைய 12 ஆண்டுகளின் போக்கையும் பிந்தைய ஓராண்டையும் ஒப்பிட்டதில், தடையால் வருவாய் குறைந்ததற்கான தடயம் கிடைக்கவில்லை. மதுக்கூடத்துக்கு மட்டும் உரிய வரி எங்கே தனியாகப் பதிவாகிறதோ, அங்கே கிடைக்கும் சான்றுக்கு எடை அதிகம்.

எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை. நியூயார்க் நகர நிர்வாகம் தடை வந்த ஓராண்டு கழித்து, மதுக்கூடங்களும் உணவகங்களும் செலுத்திய வணிக வரி 8.7 சதவீதம் உயர்ந்தது என்று அறிவித்தது. நான் இந்தச் சட்டத்தை மனதார ஆதரிப்பவன். ஆயினும் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்காட்டத் தயங்குவேன். மதுக்கூடத்தையும் உணவகத்தையும் ஒரே தராசில் வைத்தால், ஒன்றின் இழப்பை மற்றொன்றின் லாபம் மறைத்துவிடக்கூடும். அதோடு, ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட முந்தைய ஆண்டில் அந்நகரம் 2001 செப்டம்பர் 11 தாக்குதலின் பாதிப்பிலிருந்து அப்போதுதான் மீண்டுகொண்டிருந்தது.

அடுத்தது முந்தைய போக்கு. பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம். ஒரு மதுக்கூடம் முதல் ஆண்டில் 1,000 பீப்பாய், அடுத்த ஆண்டில் 960, மூன்றாம் ஆண்டில் 920 பீப்பாய் பியர் விற்றது என்று வைத்துக்கொள்வோம். நான்காம் ஆண்டின் தொடக்கத்தில் தடை வருகிறது. விற்பனை 880 பீப்பாயாகக் குறைகிறது. "சட்டம் என் 40 பீப்பாயைப் பறித்துவிட்டது" என்று உரிமையாளர் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் தடையே இல்லாத முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் இதே 40 பீப்பாய் குறைந்திருக்கிறது. விற்பனை 850 ஆக விழுந்திருந்தால்தான், கூடுதலாகக் குறைந்த 30 பீப்பாய்க்குத் தடை காரணமா என்ற கேள்வியே எழும். இதே கணக்கை அளவில் பார்க்காமல் பணத்தில் பார்த்தால் வேறு விதமாக ஏமாறுவோம்: பீப்பாய் 100 யூரோவிலிருந்து 105 யூரோவாக விலை ஏறினால், மூன்றாம் ஆண்டின் 92,000 யூரோ நான்காம் ஆண்டில் 92,400 ஆகி, சரிவே இல்லாததுபோல் தோன்றும்.

அயர்லாந்தில் நடந்தது ஏறக்குறைய இதுதான். அங்கே மதுக்கூடங்களின் விற்பனை அளவு 2002இலேயே குறையத் தொடங்கி, 2003இல் சுமார் 4 சதவீதம் சரிந்தது; தடை வந்த 2004இன் சரிவும் கிட்டத்தட்ட அதே அளவுதான். மதுக்கூடத்தில் விலை ஏறியது, கடையில் வாங்கி வீட்டில் குடிக்கும் வழக்கம் பரவியது, 2002 இறுதியில் விதியை மீறும் வாகன ஓட்டிகளின் கணக்கில் புள்ளி சேர்த்து, அது மிகுந்தால் உரிமத்தைப் பறிக்கும் தண்டனைப் புள்ளி முறை வந்தது என்று, தடைக்கு முன்பே நடந்தவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பழி முழுவதையும் புகைத்தடையின் தலையில் சுமத்துவது நியாயமாகாது.

மாதங்களை ஒப்பிடும்போது ஏப்ரலுக்கு முந்தைய ஆண்டின் ஏப்ரலையே இணையாக வையுங்கள். முடிந்தால், தடை இன்னும் வராத பக்கத்துப் பகுதியையும் அருகில் வையுங்கள். ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சில் தடை வந்தது, இங்கிலாந்தில் 2007 ஜூலையில்தான் வந்தது. அந்த இடைவெளியைப் பயன்படுத்தி இரு பகுதிகளின் மதுக்கூடங்களையும் ஒப்பிட்ட ஆய்வொன்று, ஸ்காட்லாந்தில் விற்பனை சுமார் 10 சதவீதமும் வாடிக்கையாளர் வருகை 14 சதவீதமும் குறைந்ததாகக் கண்டது. நமக்குப் பிடிக்காத முடிவு என்பதற்காக இதைத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் அது உரிமையாளர்களிடம் தொலைபேசியில் கேட்டறிந்தது, தடைக்குப் பின் சில மாதங்களை மட்டுமே பார்த்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதையும் கேட்டுவிடுங்கள். 2003இல் 97 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பீடு ஒன்றில், தடையால் வியாபாரம் கெடும் என்று முடிவு சொன்னவை அனைத்தும் புகையிலைத் தொழிலின் ஆதரவு பெற்றவையாக இருந்தன.

இவ்வளவு பார்த்த பிறகும், சராசரிக்குள் மறைந்துபோகும் சிறு கடைகளை மறந்துவிடாதீர்கள். முற்றமோ பின்கட்டோ உள்ள மதுக்கூடம் வெளியே கூரை போட்டு, நாற்காலியும் சூடேற்றியும் வைத்து, புகைபிடிப்பவர்களைத் தக்கவைத்துக்கொள்ளும். அயர்லாந்துச் சட்டம், சுற்றளவில் பாதிக்குமேல் சுவர் இல்லாவிட்டால் அத்தகைய இடத்தை அனுமதிக்கிறது. நடைபாதையை ஒட்டிய ஒற்றை அறைக் கடைக்கு அந்த வழி கிடையாது. அதன் உரிமையாளர் நட்டம் என்று சொன்னால், நாட்டின் மொத்தக் கணக்கைக் காட்டி அவரை வாயடைக்கக் கூடாது.

கடைசியாக, வரவு செலவு ஏட்டில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒரு பத்தியையும் சேர்த்து எழுதுங்கள். இது பணியிடச் சட்டம். இதன் முதல் பயனாளி, இரவு முழுவதும் பிறர் ஊதும் புகைக்குள் நின்று கோப்பை நிரப்பும் பணியாளர். கலிபோர்னியாவில் தடை வந்தபோது சான் பிரான்சிஸ்கோவின் மதுக்கூடப் பணியாளர்கள் 53 பேரைத் தடைக்கு முன்னும் பின்னும் மருத்துவ ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். இருமல், இளைப்பு போன்ற மூச்சுத் தொல்லைகள் முதலில் 39 பேருக்கு இருந்தன. தடை வந்து சில வாரங்களில் அவர்களில் 23 பேருக்கு அவை நின்றுபோயிருந்தன.