கொங்கிறீட் பீம்: இழுவை எந்தப் பக்கம் என்று கேளாததால் நேரும் தவறுகள்

கொங்கிறீட் நெருக்கலை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதன் இழுவைப் பலம் நெருக்கற் பலத்தின் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே இரண்டு தூண்களுக்கிடையே கிடக்கும் ஒரு பீமின் மேல் சுமை ஏறியதும் அதன் மேற்பாகம் சுருங்குகிறது, அடிப்பாகம் நீள முயல்கிறது, அடியிலுள்ள கொங்கிறீட் சிறிய சுமையிலேயே மயிரிழையாக வெடித்து இழுவை முழுவதையும் கம்பியிடம் ஒப்படைத்துவிடுகிறது. இது பழுது அல்ல, பீம் வேலை செய்யும் முறையே இதுதான். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வீடு கட்டுவோரும் கட்டுவிப்போரும், கணிப்புச் செய்து படம் கீறுவோரும்கூட, செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை, இந்த இடத்தில் இழுவை எந்தப் பக்கம் வரும் என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வருபவை என்றே நான் கருதுகிறேன்.

அதற்கும் முன்னதாக நேரும் பிழை ஒன்று உண்டு: சுமையைக் குறைத்து எண்ணுவது. 5 மீற்றர் நீளத்துக்குப் போகும் 9 அங்குல அகலம், 18 அங்குல உயரமுள்ள ஒரு பீமை எடுத்துக்கொள்வோம். கொங்கிறீட்டின் நிறையைக் கன மீற்றருக்கு 24 கிலோநியூற்றன் (ஒரு கிலோநியூற்றன் ஏறத்தாழ 100 கிலோ நிறைக்குச் சமம்) எனக் கொண்டால், அந்தப் பீமின் சொந்த நிறையே மீற்றருக்கு ஏறத்தாழ 2.4 கிலோநியூற்றன் ஆகும். 125 மி.மீ தடிப்புள்ள தட்டில் (மாடித் தளமாக வார்க்கும் கொங்கிறீட் பலகையில்) 3 மீற்றர் அகலம் அதன்மேல் தங்குமாயின், தரைப்பூச்சோடு சேர்த்து மீற்றருக்கு இன்னும் 12 கிலோநியூற்றன் வருகிறது. ஆட்களும் தளபாடங்களும் என்று வீடுகளுக்குச் சதுர மீற்றருக்கு 1.5 கிலோநியூற்றன் எடுப்பது வழக்கம். அது மீற்றருக்கு 4.5. பி.எஸ் 8110 என்ற பிரித்தானிய நியமத்தின்படி, பாதுகாப்புக்காக, நிலைச்சுமையை (கட்டடத்தின் சொந்த நிறையை) 1.4 ஆலும் பாவனைச்சுமையை (ஆட்கள், தளபாடங்களின் நிறையை) 1.6 ஆலும் பெருக்கிக் கூட்டினால் மீற்றருக்கு 27 கிலோநியூற்றனுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். நடுவில் ஏற்படும் வளைவுத் திருப்பம், அதாவது பீமை வளைக்க முயலும் விளைவு, சுமையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுத்ததாகும். இங்கே அது ஏறத்தாழ 86 கிலோநியூற்றன் மீற்றர். அடியில் இரண்டு 20 மி.மீ கம்பிகள் அதற்குப் போதும்.

இப்போது அதே பீமின் மேல், மேல்மாடியில் ஓர் அறையைப் பிரிக்க 3 மீற்றர் உயரத்துக்கு ஒன்பது அங்குலச் செங்கற் சுவர் ஒன்றை எழுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுவரின் நிறை மட்டும் மீற்றருக்கு 13.5 கிலோநியூற்றன், அதையும் 1.4 ஆல் பெருக்கிச் சேர்த்தால் மொத்தம் மீற்றருக்கு 46 ஆகி, வளைவுத் திருப்பம் 86 இலிருந்து 145 ஆகத் தாவிவிடுகிறது. படத்தில் இல்லாத ஒரு சுவர், மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான சுமையைப் புதிதாகக் கொண்டுவருகிறது. 2004 சுனாமிக்குப் பின் கரையோரக் கிராமங்களில் மாடியில்லா வீடாகக் கட்டப்பட்டவற்றின்மேல் இன்று மாடி எழுப்ப நினைப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் செய்விக்க வேண்டும். நீளத்தைக் கூட்டுவதும் அப்படித்தான்: 5 மீற்றரை 6 மீற்றர் ஆக்கினால் திருப்பம் 44 சதவீதம் கூடுகிறது, தொய்வோ நான்காம் அடுக்கில் வளர்ந்து இரு மடங்கைத் தாண்டிவிடுகிறது. ஹோலைப் பெரிதாக்க ஒரு தூணை நகர்த்துவதைச் சிறிய மாற்றமாக எவரும் எண்ணக்கூடாது.

அம்பாறைப் பக்கத்துக்கே உரிய இன்னொரு சுமை நெல். பெரும்போக அறுவடை முடிந்ததும் மூடைகளை மேல்மாடியில் அடுக்கி வைப்பது சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் புதிதல்ல. இரண்டு மீற்றர் உயரத்துக்கு நெருக்கி அடுக்கிய நெல், சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 10 கிலோநியூற்றன் அழுத்தும். வீட்டுக்கெனக் கணித்த 1.5 உடன் ஒப்பிட்டால் இது ஆறு ஏழு மடங்கு. மூடை அடுக்கும் எண்ணம் இருந்தால், படம் கீறுமுன்பே பொறியியலாளரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

இனிக் கேள்விக்கு வருவோம். தூணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் போர்ட்டிக்கோவும் பல்கனியும், இழுவை மேற்பக்கத்தில் வரும் இடங்கள். நுனி கீழே தொங்க முயலும்போது மேற்பரப்பே நீள்கிறது. ஆகவே பிரதான கம்பி மேலேதான் இருக்க வேண்டும். அதன் திருப்பம், அதே சுமையும் அதே நீளமும் உடைய, இரு பக்கமும் தாங்கிய பீமில் வருவதைவிட நான்கு மடங்கு. இதைத் தெரிந்த மேசன்மாரே பலர். கம்பியை மேலே சரியாகத்தான் கட்டுகிறார்கள். பிழை நடப்பது கொங்கிறீட் போடும் காலையில். சட்டி சுமந்து வருபவர்கள் நடப்பதற்குப் பலகை இருக்காது. மேல் வலைக் கம்பியை மிதித்துக்கொண்டே நுனிவரை போய்வருவார்கள். தாங்கிப் பிடிக்க வைத்த கம்பிக் கால்கள் ஒவ்வொன்றாகச் சாய, வலை மெல்லக் கீழே இறங்கும். 125 மி.மீ தட்டில் அந்தக் கம்பி அடிப்பரப்பிலிருந்து 100 மி.மீ உயரத்தில் இருந்திருக்க வேண்டும்; 60 இல் நின்றுவிட்டால் பலத்தில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் போய்விட்டது. மேலே கொங்கிறீட் மூடிவிட்டபின் எவர் கண்ணுக்கும் அது தெரியாது. நடக்கப் பலகைப் பாதை போடுவதும், கம்பிக் கால்களை நெருக்கமாக வைப்பதும், கொங்கிறீட் போடும்போது ஒருவர் அளவுகோலோடு நிற்பதும் வீட்டுக்காரர் கட்டாயம் கேட்டுப்பெற வேண்டியவை. முட்டுக் கழற்றும் ஒழுங்கும் இதே கேள்வியைச் சார்ந்தது: இரு பக்கமும் தாங்கிய பீமில் நடுவிலிருந்து தூண்களை நோக்கியும், நீட்டிய தட்டில் நுனியிலிருந்து சுவரை நோக்கியும் கழற்ற வேண்டும். நீட்டிய தட்டில் நுனி முட்டு மட்டும் மிஞ்சினால், இடையில் அடிப்பக்கம் இழுபடும். அங்கே கம்பி இல்லை.

இதிலிருந்தே இன்னொரு தவறும் விளங்கும். பீம் சற்றுத் தொய்ந்தால், அல்லது மேலே மாடி எழுப்பப் போவதால், "நடுவில் ஒரு தூண் கொடுத்தால் பலம்தானே" என்று செய்துவிடுகிறார்கள். தூண் கொடுத்த இடத்தில் பீமின் நடத்தை தலைகீழாகிறது. அதுவரை அடியில் இருந்த இழுவை, தூணுக்கு நேர்மேலே மேற்பக்கத்துக்கு மாறுகிறது. ஏற்கெனவே பீம் சுமந்துகொண்டிருந்ததைத் தூண் பெரும்பாலும் வாங்காது. பின்னர் வரும் சுமையே அதன்மேல் இறங்கும். ஆனால் அந்தப் பின்னர் வருவதுதான் மாடி. நாம் எடுத்த பீமின் மேற்பக்கத்தில் வளையங்களை (நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் சிறு கம்பிகளை) தாங்குவதற்கென்று இரண்டு 10 மி.மீ கம்பிகள் மட்டும் இருந்தால், அவை ஏறத்தாழ 24 கிலோநியூற்றன் மீற்றர் திருப்பத்துக்கே ஈடுகொடுக்கும். அப்படிப் பின்னர் வரும் சுமை மட்டுமே மீற்றருக்கு 46 கிலோநியூற்றன் என்று கொண்டு, பீம் புதிய தூணின் இரு பக்கமும் இரண்டரை மீற்றராகத் தொடர்ந்தால் அந்தத் தூண்மேல் வரும் திருப்பம் 36. மேலே வெடிப்பு விழும். அதற்குமேல் பூச்சும் தரையும் இருப்பதால் அது வெகுகாலம் மறைந்தே இருக்கும். புதிய தூணுக்குக் கீழே மணலில் தகுந்த அத்திவாரம் இல்லையென்றால் தூணும் இறங்கும்.

கணிப்புச் செய்வோரின் தவறுகள் வேறு வகையானவை. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்திலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் படிப்போருக்கு இவற்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தூணோடு ஒன்றாக வார்த்த பீமைச் சுயாதீனமாகக் கிடப்பதாக எடுத்து நடுத் திருப்பத்தைக் கணிப்பது, நடுப்பகுதிக்குப் பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆனால் வார்த்த கொங்கிறீட்டுக்கு நம் அனுமானம் தெரியாது. அந்த மூலையில் உண்மையில் மேற்பக்க இழுவை வந்தே தீரும், அங்கே போதிய கம்பி இல்லாவிட்டால் வெடிக்கும். மறுபுறம், முனைகள் இறுகப் பிடிக்கப்பட்டவை என்று எடுத்து, நடுத் திருப்பத்தை எட்டில் ஒன்றிலிருந்து இருபத்துநான்கில் ஒன்றாகக் குறைத்துக்கொள்வது அதைவிட ஆபத்தானது, ஏனெனில் ஒன்பது அங்குலத் தூண் எதுவும் அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதில்லை. தொடர் பீமில் எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் நிறைந்திருப்பதாக மட்டும் எடுப்பதும் போதாது. ஒரு அறை நிறைந்து அடுத்தது வெறுமையாக இருக்கும்போதுதான் நிறைந்த அறையின் நடுத் திருப்பம் உச்சத்துக்குப் போகிறது.

தட்டோடு சேர்ந்து வார்த்த பீமை டி வடிவமாகக் கொள்வது நடுப்பகுதிக்குச் சரி, ஏனெனில் அங்கே தட்டு நெருக்கலில் இருக்கிறது. தூண்மேல் அதே தட்டு இழுவையில் கிடக்கிறது. அங்கே பீமின் ஒன்பது அங்குல அகலம் மட்டுமே நெருக்கலைத் தாங்கும். கணினி மென்பொருள் இரண்டு இடத்துக்கும் அழகான விடையைத் தந்துவிடும். திருப்ப வரைபடத்தைக் கையால் கீறி, எங்கே மேலே, எங்கே கீழே என்று குறித்துப் பார்க்காதவர் அந்த விடையில் கையொப்பமிடக்கூடாது.

"கம்பி கூடப் போட்டால் பயமில்லை" என்ற நம்பிக்கை ஊரெங்கும் உண்டு. அது அரைகுறை உண்மை. கொங்கிறீட் 0.0035 விகாரத்தில், அதாவது தன் நீளத்தில் அந்தப் பங்கு சுருங்கியதும், நசுங்கும். 460 தரக் கம்பி (சதுர மி.மீட்டருக்கு 460 நியூற்றன் தாங்குவது) 0.0023 விகாரத்தில் இளகத் தொடங்கும். கம்பி அளவோடு இருந்தால் அது முதலில் இளகி நீளும், பீம் தொய்யும், வெடிப்புகள் அகலும், வீட்டிலுள்ளோருக்கு விலகிப்போக அவகாசம் கிடைக்கும். கம்பியை அளவுக்கு மீறித் திணித்தால் கம்பி இளகுமுன் மேலேயுள்ள கொங்கிறீட் நசுங்கிவிடும். எச்சரிக்கை எதுவும் இராது. பலம் போதாதபோது உயரத்தைக் கூட்டுவதே பெரும்பாலும் சரியான வழி, ஏனெனில் பலம் அகலத்தோடு கூடுவதைவிட உயரத்தோடு வேகமாகக் கூடுகிறது. திணித்த கம்பிகளுக்கிடையே கல் இறங்காமல் அடியில் பொந்து விழுவதும் வழமையான தொல்லை.

கொய்வு விசை, அதாவது பீமைக் குறுக்காகத் துண்டிக்க முயலும் விசை, தூண்களுக்கு அருகில்தான் உச்சம். அங்கே வளையங்கள் நெருக்கமாகவும் நடுவில் சற்று விலகியும் இருக்க வேண்டும். எந்த இடத்திலும் இடைவெளி பயன்படு ஆழத்தின் (நெருக்கல் பக்க விளிம்பிலிருந்து இழுவைக் கம்பிவரையான ஆழத்தின்) முக்காலை மீறக்கூடாது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே இடைவெளியில் கட்டிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும், பீமைக் காப்பாற்றாது. அடிக் கம்பியை நடுவிலும் மேற்கம்பியைத் தூணுக்கு நேரேயும் பொருத்துவதும் தவறு, ஏனெனில் இழுவை உச்சமாக உள்ள இடத்தில் பொருத்து இருக்கலாகாது.

தொய்வைக் கணிப்பவர்கள் வெடிக்காத முழு வெட்டுமுகத்தின் விறைப்பை (வளையாமல் எதிர்க்கும் தன்மையை) எடுத்துவிட்டு நிம்மதியடைவதுண்டு. வெடித்த பின் விறைப்பு அதன் பாதிக்கும் கீழே இறங்கலாம். நிலையாகக் கிடக்கும் சுமையின்கீழ் கொங்கிறீட் ஆண்டுக்கணக்கில் மெல்ல இளகித் தொய்வதால், இறுதித் தொய்வு முதல் நாள் கண்டதைவிட இரண்டு மூன்று மடங்காகும். நீளத்துக்கும் ஆழத்துக்குமான விகிதம் இரு பக்கமும் தாங்கிய பீமுக்கு 20, நீட்டிய தட்டுக்கு 7 என்று நியமம் தொடங்குவதன் காரணம் இதுவே. கம்பியின் தகைப்பை (சதுர மி.மீட்டருக்கு அது தாங்கும் விசையை) பொறுத்து அவை பிறகு திருத்தப்படும்.

கல்லடி, காத்தான்குடி, காரைதீவு, கல்முனை போல உப்புக் காற்று வீசும் இடங்களில் கம்பியை மூடும் கொங்கிறீட்டின் தடிப்பை கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் வீடுகளுக்கு எடுப்பதுபோல் 25 மி.மீ என்று விட முடியாது. கடலுக்கு அண்மையில் 40 உம் அதற்கு மேலும் வேண்டும். அதைக் கட்டுமிடத்தில் கூட்டிவிட்டுக் கணிப்பில் கூட்டாமல் விடுவதும் பிழை, ஏனெனில் கம்பி உள்ளே நகரும் ஒவ்வொரு மி.மீட்டரும் பயன்படு ஆழத்திலிருந்து கழிகிறது. கழுவாத கடல் மணலும் உவர்க் கிணற்று நீரும் கம்பியைத் துருப்பிடிக்கவைக்கும் குளோரைட்டை உள்ளேயே கொண்டு சேர்த்துவிடும், அப்போது வெளித் தடிப்பு எவ்வளவு இருந்தும் பயனில்லை.

ஆகவே வெடிப்பைக் கண்டதும் பயப்படுவதும் வேண்டாம், பூசி மறைப்பதும் வேண்டாம். அது ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். நடுவில் அடியிலிருந்து நிமிர்ந்து ஏறும் 0.3 மி.மீட்டருக்கு உட்பட்ட மயிரிழைகள் பீம் வேலை செய்வதன் அடையாளம். தூணருகே சாய்வாக ஏறுவது கொய்வு. சுமையைக் குறைத்து, முட்டுக் கொடுத்து, உடனே பொறியியலாளரை அழைக்க வேண்டும். அந்த முட்டைப் பீமின் நடுவில் அல்லாமல் தூணை ஒட்டி நிறுத்துவது நல்லது. அடியில் கம்பியின் நேர்கோட்டிலேயே நீளமாக ஓடி, தட்டினால் பொள்ளென்று ஒலிப்பது துருவின் வேலை. துரு தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடம் பிடித்து, கம்பியை மூடியிருக்கும் கொங்கிறீட்டைத் தள்ளுகிறது. அதன்மேல் சீமெந்துப் பூச்சு பூசினால் உள்ளே துரு தொடரும். பழுதடைந்த கொங்கிறீட்டைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தியெடுத்து, கம்பியைப் பளபளக்கச் சுத்தம் செய்து, எஞ்சிய விட்டத்தை அளந்து, போதாத இடத்தில் புதுக் கம்பி சேர்த்த பிறகே மூட வேண்டும்.