விடுபட்ட ரோக்களைப் பிடித்த விதம்

டேட்டாபேஸில், ஆர்டர் டேபிளில் உள்ள சில ரோக்கள் (வரிசைகள்) பில் டேபிளில் இல்லை. எவை என்று பார்க்க, டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் ‘நாட் இன்’ (பட்டியலில் இல்லாதவை) போட்டு க்வெரி (கேள்வி) ஓட்டினேன். ஒன்றுகூட வரவில்லை!

பில் டேபிளின் ஆர்டர் எண் நெடுவரிசையில் ஒரு ‘நல்’ (மதிப்பே இல்லாத காலி இடம்) இருந்ததுதான் காரணம். ‘நல்’ உடன் ஒப்பிட்டால் விடை உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, ‘தெரியாது’. அதனால் விடுபட்ட ரோக்களையும் எஸ்க்யூஎல் தள்ளிவிடுகிறது. எரர் எதுவும் காட்டாது என்பதுதான் இதில் ஆபத்து.

சரி என்று ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ (பொருந்தும் ரோ இல்லாதவை) ஆக மாற்றி, உள்க்வெரியில் இரண்டு டேபிள்களின் ஆர்டர் எண்களையும் ஒப்பிட்டேன். விடுபட்டவை எல்லாம் வந்தன. லெஃப்ட் ஜாயின் செய்து (எல்லா ஆர்டர்களையும் வைத்துக்கொண்டு, பொருந்தும் பில்களைப் பக்கத்தில் சேர்த்து), பில் டேபிளின் பிரைமரி கீ (ஒவ்வொரு ரோவுக்கும் உள்ள தனி அடையாளம்) ‘இஸ் நல்’ என்று வடிகட்டினாலும் இதே விடைதான். பில் டேபிளுக்கு வேறு நிபந்தனை இருந்தால் அதை வடிகட்டும் ‘வேர்’ பகுதியில் வைக்காமல், டேபிள்களை இணைக்கும் ‘ஆன்’ பகுதியில் வையுங்கள்.

அப்புறம் டேபிள்களை இடம் மாற்றியும் ஓட்டினேன். ஆர்டரே இல்லாத பில்களும் சிக்கின.