வீட்டில் உணவு வீணாவதைக் குறைப்பது எப்படி? ஃபிரிட்ஜிலிருந்து தொடங்கும் ஒரு செய்முறை

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் கடைகள், உணவகங்கள், வீடுகள் ஆகிய மூன்றிலும் சேர்த்து வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. இதற்குத் தீர்வாகப் பெரும்பாலும் சொல்லப்படுவது பட்டியல் எழுதிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும் என்பதுதான். அது அனைவரும் அறிந்ததே என்பதால், வாங்கி வந்த பிறகு செய்ய வேண்டியவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: குப்பைக் கணக்கு

குப்பைக்கூடையின் அருகே ஒரு தாளை ஒட்டி, எறியும் ஒவ்வொரு பொருளையும் அதற்கான காரணத்தையும் ஒரு வாரத்துக்கு எழுதுங்கள். அழுகியது, வாடியது, மறந்துபோனது, அதிகமாகச் சமைத்தது என்று ஒரு சொல் போதும். அளவைவிடக் காரணமே முக்கியம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

இரண்டாம் படி: ஃபிரிட்ஜின் உண்மையான வெப்பநிலை

ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் திருகில் 1, 2, 3 என்று காணப்படும் எண்கள் டிகிரியைக் குறிப்பவை அல்ல. பெரும்பாலான ஃபிரிட்ஜ்களில் அவை குளிர்விக்கும் அளவையே காட்டுவதால், எண் கூடக் கூடக் குளிரும் கூடும். குளிரைக் குறைப்பதாக எண்ணிப் பெரிய எண்ணுக்குத் திருப்பினால், பின்பக்கம் வைத்த காய்கள் உறைந்து, பிறகு குழைந்துபோகும். ஒரு குவளைத் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு, நடுத்தட்டில் இரவு முழுவதும் வைத்துக் காலையில் பாருங்கள். 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கக் கூடாது. காற்றில் தொங்கவிட்ட வெப்பமானி, கதவைத் திறந்தவுடனே ஏறிவிடுவதால் நம்பத்தக்கதன்று. கதவுப்பக்கத் தட்டுதான் அதிகம் சூடேறும் இடம் என்பதால், பாலை அங்கே வைக்காமல் உள்ளே தள்ளி வைப்பது நல்லது.

மூன்றாம் படி: கீரையும் காய்களும்

பலர் தடுமாறும் இடம் இதுதான். இலைகளுக்கு ஈரக்காற்று வேண்டும், ஆனால் இலைமேல் நீர்த்துளி நிற்கக் கூடாது. கழுவிய கீரையை அப்படியே பையில் கட்டி வைத்தால் அடியில் தேங்கும் நீரால் அழுகுகிறது. திறந்து வைத்தால் வாடிவிடுகிறது. ஆகவே கழுவாமல், அழுகிய இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றிக் காய்கறித் தட்டில் வையுங்கள். அந்தத் தட்டில் காற்றுத்துளையும் அதைத் திறந்து மூடும் தள்ளுபொத்தானும் இருந்தால், கீரைக்குத் துளையை மூடியும் பழங்களுக்குத் திறந்தும் வைக்க வேண்டும். துணி நனைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஆப்பிள், வாழைப்பழம், பழுத்த தக்காளி ஆகியவை எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. அது அருகில் உள்ள இலைகளை மஞ்சளாக்கிவிடும் என்பதால் இரண்டையும் ஒரே தட்டில் சேர்க்காதீர்கள். உருளைக்கிழங்கை ஃபிரிட்ஜுக்கு வெளியே, இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள்.

நான்காம் படி: மீந்த சோறும் குழம்பும்

சமைத்த உணவை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சோற்றில் இது மிகவும் அவசியம். பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாமல் பிழைத்து, சோறு வெளியே கிடக்கும்போது பெருகி நச்சை உண்டாக்குகின்றன, அந்த நச்சு மீண்டும் சூடாக்கினாலும் போகாது. ஆழமான பாத்திரத்தில் நடுப்பகுதி ஆற நெடுநேரம் ஆகும் என்பதால், அகலமான பாத்திரத்தில் மெல்லிய அடுக்காகப் பரப்பி ஆறவிடுங்கள்.

டப்பாக்களைப் பொறுத்தவரை, உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடியையே நான் விரும்புகிறேன். காலாவதியை நினைவூட்டும் செயலிகளைவிட, காகித ஒட்டுநாடாவும் பேனாவும் மேல்: சமைத்த தேதியை எழுதி ஒட்டி, பழையதை முன்னால் வையுங்கள். 3 அல்லது 4 நாளுக்குள் தீராது என்று தோன்றினால், முதல் நாளே ஃப்ரீசருக்கு மாற்றுங்கள்.

பின்சேர்க்கை

பூஞ்சை பிடித்த பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மீதியை உண்ணலாமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். கேரட், முட்டைக்கோஸ் போன்ற கெட்டியான காய்களில் பூஞ்சையைச் சுற்றி ஓர் அங்குலம் ஆழமாக வெட்டி நீக்கிவிட்டு, மீதியைப் பயன்படுத்தலாம். ரொட்டியிலும் மென்மையான பழங்களிலும் பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும் என்பதால், அவற்றை முழுமையாகவே எறிந்துவிட வேண்டும்.